'பூமி எப்போதும் மாறிக்கொண்டுதானே இருக்கிறது?' - வீட்டில் கேட்டால் என்ன சொல்வீர்கள்?

2023ஆம் ஆண்டு மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் வெப்பநிலை 37 டிகிரி செல்சியசைத் தொட்டது. ஏறக்குறைய 40 ஆண்டுகளில் சிங்கப்பூரில் பதிவான ஆக அதிக வெப்பநிலை அது. "புவி வெப்பமடைகிறது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?" என்று ஒருவர் கேட்கலாம். "1983ஆம் ஆண்டு ஏப்ரலில் தெங்காவிலும் இதே 37 டிகிரி பதிவாகியிருக்கிறதே?" என்று மற்றவர் திருப்பிக் கேட்கலாம்.

இருவர் சொல்லும் எண்களும் சரி. ஆனால், இரண்டு வாதங்களும் நிற்காது. ஒரே நாள் வெயிலை வைத்துப் பருவநிலையைப் பற்றி முடிவுசெய்வது, ஒரே ஒரு தேர்வை வைத்து ஒரு மாணவரின் நான்காண்டுப் படிப்பை எடைபோடுவதைப் போன்றது. பருவநிலை என்பது பல பத்தாண்டுகளின் சராசரி. 1850 முதல் 1900 வரை இருந்த சராசரியைவிட, 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் பூமி சுமார் 1.1 டிகிரி கூடுதல் வெப்பத்துடன் இருந்தது என்கிறது ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி.

வெப்பம் கூடியிருப்பதை மறுப்பவர்கள் இன்று குறைவு. "கூடியது உண்மைதான். ஆனால், அதற்கு மனிதர்கள்தான் காரணமா? பூமி எப்போதும் மாறிக்கொண்டுதானே இருக்கிறது?" என்பதுதான் இப்போது அடிக்கடி எழும் கேள்வி. கேட்பவரைக் கேலி செய்யத் தேவையில்லை. அது நியாயமான கேள்வி. அதற்குப் பதிலும் இருக்கிறது.

புதிய கண்டுபிடிப்பு இல்லை

கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்பது நம் தாத்தா பாட்டி பிறப்பதற்கு முன்பே தெரிந்த செய்தி. அமெரிக்காவைச் சேர்ந்த யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி, கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு இருந்த குழாய் அதிகம் சூடானது. ஆறுவதற்கும் அதிக நேரம் எடுத்தது. 1856ல் அந்த முடிவுகள் வெளியாயின. 1896ல் ஸ்வீடன் விஞ்ஞானி ஸ்வாந்தே அரீனியஸ், காற்றில் அந்த வாயு இரட்டிப்பானால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கணக்கிட்டார்.

1958ல் சார்ல்ஸ் கீலிங், ஹவாயியின் மவுனா லோவா எரிமலைச் சரிவில் காற்றிலுள்ள கரியமில வாயுவைத் தொடர்ந்து அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன்பு அது ஏறத்தாழ 280தான்.

"எப்போதும் மாறிக்கொண்டுதானே இருக்கிறது?" என்பதற்கான பதிலும் இங்கேதான் தொடங்குகிறது. மாறியது உண்மை. பனியுகங்கள் வந்துபோயின. ஆனால், அண்டார்க்டிகாவின் பனிக்கட்டிக்குள் சிக்கிய பழங்காலக் காற்றுக் குமிழிகளை ஆராய்ந்ததில், கடந்த 800,000 ஆண்டுகளில் கரியமில வாயு இந்த அளவை நெருங்கவே இல்லை எனத் தெரியவந்தது. பனியுகங்களின் முடிவில் பூமி சூடாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆயின. இப்போதைய ஏற்றம் நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் நடந்திருக்கிறது.

சந்தேக நபர்கள் மூவர்

துப்பறியும் கதையில் வருவதைப்போல் ஒவ்வொருவராக விசாரிப்போம்.

முதல் நபர் சூரியன். 1978 முதல் துணைக்கோளங்கள் சூரியனின் ஆற்றலை அளந்துவருகின்றன. அது சுமார் 11 ஆண்டுச் சுழற்சியில் சற்றே ஏறி இறங்குகிறது. பூமியின் வெப்பத்தைப்போல் தொடர்ந்து ஏறவில்லை. இன்னொரு தடயமும் உண்டு. சூரியன் காரணமாக இருந்தால், காற்று மண்டலத்தின் கீழடுக்கும் மேலடுக்கும் சேர்ந்தே சூடாக வேண்டும். ஆனால், கீழடுக்கு சூடாகியிருக்கிறது. ஸ்ட்ராட்டோஸ்பியர் எனும் மேலடுக்கு குளிர்ந்திருக்கிறது. ஓசோன் குறைந்ததற்கும் அந்தக் குளிர்ச்சியில் பங்கு உண்டு என்றாலும், கரியமில வாயு கூடினால் இப்படித்தான் நடக்கும் என்று 1967லேயே சியுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் கணித்திருந்தனர். மனாபேக்கு 2021ல் இயற்பியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது.

இரண்டாவது நபர் எரிமலைகள். அவை ஓராண்டில் வெளியிடும் கரியமில வாயு, மனிதர்கள் வெளியிடுவதில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு.

மூன்றாவது நபர் நாம். நமக்கு எதிரான சான்று கைரேகையைப் போன்றது. உயிருள்ள தாவரங்களில் 'கார்பன் 14' என்னும் கதிரியக்கக் கரிமம் இருக்கும். பல மில்லியன் ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது முற்றிலும் அழிந்திருக்கும். காற்றில் அதன் விகிதம் குறைந்துவருவதை 1955ல் ஹான்ஸ் சூஸ் கண்டறிந்தார். அப்படியானால் காற்றில் சேர்வது மிகப் பழைய கரிமம். தாவரங்கள் குறைவாக எடுத்துக்கொள்ளும் 'கார்பன் 13' விகிதமும் காற்றில் குறைந்துவருகிறது. அப்படியானால் அது தாவரத்திலிருந்து வந்த கரிமம். மிகப் பழையது, தாவரத்திலிருந்து வந்தது: இரண்டும் நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும்தான் பொருந்தும்.

கட்டடங்கள்தான் காரணமா?

சிங்கப்பூரில் இன்னொரு வாதமும் உண்டு. "கான்கிரீட்டும் குளிர்சாதனப் பெட்டிகளும் பெருகிவிட்டன, அதனால்தான் புழுக்கம்" என்பது அது. இதில் உண்மை இருக்கிறது. சில இரவுகளில் நகரப் பகுதிக்கும் காட்டுப் பகுதிக்கும் இடையே 7 டிகிரி வரை வித்தியாசம் இருந்ததாக ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால், கட்டடமே இல்லாத கடல்களும் சூடாகிவருகின்றன. நகர வெப்பம் நம் புழுக்கத்தைக் கூட்டுகிறது. உலகம் முழுவதும் ஏறும் வெப்பத்தை அதனால் விளக்க முடியாது.

இதே சந்தேகம் ரிச்சர்ட் முல்லர் என்ற அமெரிக்க இயற்பியலாளருக்கும் இருந்தது. வெப்பநிலைப் பதிவுகளையே நம்ப முடியுமா என்று கேட்ட அவர், 'பெர்க்லி எர்த்' என்ற குழுவை அமைத்து அவற்றை முதலிலிருந்து ஆராய்ந்தார். பருவநிலைக் கட்டுப்பாடுகளை எதிர்த்துவந்த தொழிலதிபர் ஒருவரின் அறநிறுவனமும் அதற்கு நிதி கொடுத்தது. நகர வெப்பத்தைக் கழித்துப் பார்த்தும் முடிவு மாறவில்லை. ஏற்றத்துக்கு ஏறக்குறைய முழுக்க மனிதர்களே காரணம் என்று 2012ல் முல்லர் வெளிப்படையாக அறிவித்தார். சந்தேகப்பட்டார், சரிபார்த்தார், சான்று காட்டிய இடத்துக்குப் போனார். சந்தேகப்படுபவர் செய்ய வேண்டியதும் அதுதான்.

பிறகு ஏன் இத்தனை குழப்பம்?

எல்லாச் சந்தேகமும் முல்லருடையதைப் போன்றதன்று. எக்சான் எண்ணெய் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1977 முதலே புவி வெப்பமடைவது பற்றித் தங்கள் நிர்வாகத்தை எச்சரித்துவந்தனர். அவர்களுடைய கணிப்புகளில் பெரும்பாலானவை பின்னாளில் பலித்தன என்று 2023ல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வு காட்டியது. அதே நிறுவனம் பல ஆண்டுகள், அறிவியல் இன்னும் உறுதியாகவில்லை என்று பொதுமக்களிடம் சொல்லிவந்தது. தவறாக வழிநடத்தவில்லை என்பது நிறுவனத்தின் மறுமொழி.

ஆகவே, ஒரு காணொளியோ வாட்ஸ்அப் செய்தியோ வந்தால் "இதை நம்பலாமா?" என்பதுடன் நிறுத்தாமல், "இவர் எதை அளந்தார், எத்தனை ஆண்டுகளுக்கு அளந்தார், யார் சரிபார்த்தார்?" என்றும் கேளுங்கள்.

வாதிட வேண்டியது வேறு

காரணத்தைப் பற்றிய வாதத்திலேயே நேரம் போனால், உண்மையாகவே முடிவாகாத கேள்விகள் காத்துக் கிடக்கும். அவற்றில் சில நம் வீட்டுக் கட்டணத்திலேயே இருக்கின்றன. 2019ல் ஒரு டன் வெளியேற்றத்துக்கு 5 வெள்ளியாகத் தொடங்கிய சிங்கப்பூரின் கரிம வரி, 2024ல் 25 வெள்ளியானது. 2026ல் 45 வெள்ளி, 2030க்குள் 50 முதல் 80 வெள்ளி என்பது திட்டம். அதில் ஒரு பங்கு மின்கட்டணமாக நம்மிடமே வரும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு எவ்வளவு கைகொடுக்க வேண்டும்? உலக வெளியேற்றத்தில் நம் பங்கு சுமார் 0.1 விழுக்காடுதான் என்னும்போது எவ்வளவு வேகமாக மாற வேண்டும்?

செலவு செய்யாமல் இருக்கவும் வழியில்லை. நம் நிலப்பரப்பில் ஏறத்தாழ 30 விழுக்காடு, கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. 2100க்குள் நம்மைச் சுற்றியுள்ள கடல் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று 2024 ஜனவரியில் வெளியான தேசிய ஆய்வு கணித்தது. கரையோரப் பாதுகாப்புக்கு நூறு ஆண்டுகளில் 100 பில்லியன் வெள்ளி தேவைப்படலாம் என்று 2019 தேசிய தினப் பேரணியில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் கூறினார். வெளியேற்றத்தை நிகரப் பூஜ்ஜியமாக்க சிங்கப்பூர் குறித்துள்ள ஆண்டு 2050. இன்று உயர்நிலைப் பள்ளியில் இருப்பவர்கள் அப்போது நாற்பதை ஒட்டிய வயதில், வரி கட்டிக்கொண்டும் பிள்ளை வளர்த்துக்கொண்டும் இருப்பார்கள். அந்தக் கணக்கு நம் தலைமுறையின் கையில்தான் வரப்போகிறது.

நம்மில் பலர் இவற்றையெல்லாம் பள்ளியில் ஆங்கிலத்தில் படிக்கிறோம். வீட்டில் பாட்டியோ மாமாவோ கேட்கும்போது தமிழில் சொல்ல வராமல், "அது அப்படித்தான்" என்று முடித்துவிடுகிறோம். அந்த இடைவெளியில்தான் பொய்ச் செய்திகள் நுழைகின்றன. அடுத்த முறை "பூமி எப்போதும் மாறிக்கொண்டுதானே இருக்கிறது?" என்று யாராவது கேட்டால், பனிக்கட்டிக்குள் இருந்த காற்றுக் குமிழியின் கதையிலிருந்து தொடங்கிப் பாருங்கள். நிச்சயம் காதுகொடுத்துக் கேட்பார்கள்.