மலையிலிருந்து மாடி வகுப்புக்கு

சட்டம் ஐந்து சதவீத இடம் ஒதுக்கிவிட்டது. அந்த இடத்தில் போய் உட்காருவதுதான் மாற்றுத் திறனாளி மாணவர்களுக்குப் பெரும்பாடாக இருக்கிறது.

அமாவாசை என்றால் மாதேஸ்வரன் மலைக்கு வரும் பேருந்துகளில் கால் வைக்க இடம் இருக்காது. மேட்டூர், கொளத்தூர், பாலாறு வழியாகத் தமிழ்நாட்டுப் பக்தர்களும், கொள்ளேகால், ஹனூர் வழியாகக் கன்னடப் பக்தர்களும் வளைந்து வளைந்து ஏறி வருவார்கள். புலி மீதேறிக் காட்டைச் சுற்றி வந்ததாக நம்பப்படும் மாதேஸ்வரனைக் கும்பிட்டுத் திரும்புவார்கள். கூட்டம் வடிந்த மறுநாள் அதே பேருந்துகள் மலைவாசிகளுக்குச் சொந்தம். பெரிய ஆஸ்பத்திரி, கலெக்டர் ஆபீஸ், மேல்படிப்பு எதுவானாலும் கீழே இறங்கித்தான் ஆகவேண்டும்.

1997இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது மலையும் புதிய மாவட்டத்தோடு போனது. ஆனால் பல்கலைக்கழகம் என்றால் அப்போதும் மைசூர்தான். சுமார் 150 கிலோமீட்டர். கைகால் திடமாக உள்ளவர்களுக்கே அலுப்புத் தட்டும் பயணம். போலியோவில் கால் சூம்பிய ஒரு மாணவனோ, பார்வையற்ற ஒரு மாணவியோ இந்த மலைக் கிராமம் ஒன்றிலிருந்து பட்டம் படிக்கப் புறப்பட்டால் என்ன நடக்கும்?

முதல் தடை வீட்டு வாசலிலேயே தொடங்குகிறது. மலையைச் சுற்றியுள்ள காடு 2013இல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் இருக்கும் பல கிராமங்களுக்கு நல்ல சாலை கிடையாது. நோயாளிகளைத் தூளி கட்டித் தூக்கிவந்த செய்திகள் அடிக்கடி வந்திருக்கின்றன. மாணவர்களுக்காகவும் நோயாளிகளுக்காகவும் வனத்துறை 2022இல் ஜீப்புகளை விட்டது. ஆனாலும் குறை தீரவில்லை. 2024 ஏப்ரலில் அடிப்படை வசதி இல்லை என்று தேர்தலைப் புறக்கணித்த இண்டிகநத்தம் கிராமத்தில் வாக்குப்பதிவு இயந்திரம் உடைக்கப்பட்டு, மறுவாக்குப்பதிவு நடத்த வேண்டியதாயிற்று. நடப்பவர்களுக்கே பாதை இல்லாத ஊரில் சக்கர நாற்காலி எங்கே உருளும்?

காகிதத்தில் எல்லாம் உண்டு

சட்டத்தில் குறை சொல்ல முடியாது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்வி நிறுவனங்களில் 3 சதவீத இடம் ஒதுக்கியது. அது ஏற்றுக்கொண்ட ஊனங்கள் ஏழு மட்டுமே. அதற்குப் பதிலாக வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலை 21 ஆக நீட்டியது. ஆட்டிசம், ஹீமோபீலியா, எழுத்துகளைத் தடுமாற வைக்கும் 'டிஸ்லெக்சியா' போன்ற கற்றல் குறைபாடுகள் எல்லாம் உள்ளே வந்தன. உயர்கல்வியில் ஒதுக்கீடு 5 சதவீதமானது. வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வும் கிடைத்தது. 40 சதவீத ஊனம் இருப்பதாக மருத்துவச் சான்று வேண்டும் என்பது நிபந்தனை.

சட்டம் வந்தும் நிறுவனங்கள் அசையாததால் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நின்றது. 2017 டிசம்பர் 15 அன்று வந்த தீர்ப்பு, ஒதுக்கீட்டை அமல்படுத்தியே தீரவேண்டும் என்றது. இடம் கொடுப்பதோடு வேலை முடியவில்லை, உள்ளே வந்த மாணவர் படிக்க வசதியும் வேண்டும் என்பதையும் அது வலியுறுத்தியது. கட்டடமும் கற்பிக்கும் முறையும் எப்படி இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் தனி வழிகாட்டி நெறிகளையே வெளியிட்டது.

பிரச்சினை நிறுவனத்தின் வாசலுக்கு வெளியேயும் இருக்கிறது. கர்நாடகத்தில் பெண்கள் 2023 ஜூன் முதல் சாதாரண அரசுப் பேருந்துகளில் இலவசமாகப் போகலாம். மாற்றுத் திறனாளி ஆண்களுக்கான சலுகை பாஸ் வீட்டிலிருந்து 100 கிலோமீட்டர் வரைதான் செல்லும். மாதேஸ்வரன் மலைக்காரருக்கு அந்த நூறு, மைசூரை எட்டுவதற்கு முன்பே தீர்ந்துவிடும். பாஸ் போட்டவர்கள் மலையை மனதில் வைத்து அளக்கவில்லை.

தூரத்தைக் குறைக்க ஒரு வழி பிறந்தது. சாமராஜநகரில் இருந்த மைசூர் பல்கலைக்கழகத்தின் முதுகலை மையம் 2023இல் தனிப் பல்கலைக்கழகமானது. இரண்டே ஆண்டுகளில், 2025 பிப்ரவரியில், நிதிப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி, இது உட்பட ஒன்பது புதிய பல்கலைக்கழகங்களை மூடலாம் என்று அமைச்சரவைத் துணைக்குழு ஒன்று பரிந்துரைத்தது. மற்ற மாணவர்களுக்கு இது சான்றிதழில் வரும் பெயர் பற்றிய கவலை. நகர முடியாத மாணவருக்கோ பக்கத்தில் பல்கலைக்கழகம் இருப்பதா இல்லையா என்பது படிப்பதா நிறுத்துவதா என்ற கேள்வி.

யார் எழுதுவது, எதைப் படிப்பது?

வகுப்பில் சேர்ந்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது தேர்வு. கையால் எழுத முடியாதவர்களுக்கு எழுத்தரும், மணிக்கு 20 நிமிடம் வீதம் கூடுதல் நேரமும் தரவேண்டும் என்பது மத்திய அரசின் நெறிமுறை. மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகும். ஆனால் '40 சதவீதம்' என்ற கோடு இங்கும் குறுக்கே வந்தது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுள்ள விகாஷ் குமார் என்பவருக்கு மத்திய அரசுத் தேர்வாணையம் எழுத்தரை மறுத்தது. அவருடைய ஊனம் அந்தக் கோட்டைத் தொடவில்லையாம். 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. இட ஒதுக்கீட்டுக்குத்தான் 40 சதவீதம். தேர்வு எழுதத் தேவையான உதவிக்கு அந்த அளவுகோல் கிடையாது என்பது தீர்ப்பின் சாரம். சான்றிதழ் கைக்கு வராத கற்றல் குறைபாட்டு மாணவர்களுக்கும் இது ஒரு பிடிமானம்.

பாடப் புத்தகத்தின் கதை இன்னும் வேடிக்கை. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் 'என்விடிஏ' மென்பொருளைப் பார்வையற்ற இரு ஆஸ்திரேலியர்கள் உருவாக்கினார்கள். 2006 முதல் அது இலவசம். தமிழும் கன்னடமும் வாசிக்கும். பார்வையற்றோர் படிக்கும் வடிவில் நூல்களை மாற்ற உரிமையாளரின் அனுமதி தேவையில்லை என்று 2012இல் பதிப்புரிமைச் சட்டமும் திருத்தப்பட்டது. இதற்கான மராகேஷ் சர்வதேச உடன்படிக்கையை 2014இல் முதலாவதாக ஏற்றுக்கொண்ட நாடு இந்தியா. இவ்வளவுக்கும் பிறகு, பேராசிரியர் தரும் பாடக் குறிப்பு யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவிலோ, ஜெராக்ஸ் தாளைப் படம் பிடித்த கோப்பாகவோ இருந்தால் மென்பொருள் உளறும், அல்லது ஊமையாகிவிடும்.

வழி கிடைத்தவர்கள் எங்கே போவார்கள் என்பதற்குச் சான்று உண்டு. முழுப் பார்வையற்ற சென்னைப் பெண் பெனோ ஜெபைன், கல்லூரிப் படிப்பை முடித்து, திரையை வாசிக்கும் மென்பொருளின் துணையோடு குடிமைப் பணித் தேர்வில் வென்று, 2015இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். மைசூரிலும் நல்ல தொடக்கங்கள் பழையவை. 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. மாற்றுத் திறனாளிகளுக்கென்றே ஜே.எஸ்.எஸ். நடத்தும் பாலிடெக்னிக் 1991 முதல் இயங்குகிறது. தனி நிறுவனங்களில் முடிகிற காரியம் பொதுக் கல்லூரிகளில் ஏன் முடியாது?

தேவைப்படுபவை பெரிய தொகைகள் அல்ல. வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்ற ஒரு கால அட்டவணை போதும். குறிப்பை யூனிகோடில் தட்டச்சு செய்ய ஓர் உத்தரவு போதும். எழுத்தர் பட்டியலைத் தேர்வுக்கு முந்தைய நாள் தேடாமல் பருவத் தொடக்கத்திலேயே தயாரிக்கலாம். விடுதியில் ஒரு கழிவறைக் கதவை அகலமாக்கலாம். சேர்க்கையின்போதே மாணவரிடம் என்ன தேவை என்று கேட்கலாம்.

மாதேஸ்வரன் மலையிலிருந்து 150 கிலோமீட்டர் கடந்து வந்தவர், வகுப்பறைக்கு முன்னால் இருக்கும் இருபது படிகளில் நின்றுவிடக் கூடாது.