கோர்வைக்கு ஆள் இல்லை

ஆவணி பிறந்துவிட்டால் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. ஆந்திரம், கர்நாடகம் என்று எங்கிருந்தெல்லாமோ கல்யாண வீட்டார் வேன் பிடித்து வந்து இறங்குகிறார்கள். ஒரு குடும்பம் ஒரே மூச்சில் பத்து, பதினைந்து பட்டு எடுத்துப் போவது சாதாரணம். வியாபாரத்தைப் பார்த்தால் இந்தத் தொழிலுக்கு என்ன குறை என்றுதான் தோன்றும். அதே ஊரில் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களுக்குள் நுழைந்து, தறி ஓடும் வீடுகளில் தறியில் உட்கார்ந்திருப்பவர்களின் வயதைப் பார்த்தால் குறை தெரியும். பெரும்பாலானவர்கள் ஐம்பதைத் தாண்டியவர்கள். அவர்களுக்குப் பின்னால் அந்தப் பலகையில் உட்காரப் போகிறவர் அந்த வீட்டில் இல்லை.

நாடு முழுக்க இதே கதைதான். 1987-88இல் எடுக்கப்பட்ட முதல் கைத்தறிக் கணக்கெடுப்பில் நெசவாளர்களும் துணைத்தொழில் செய்பவர்களுமாக ஏறத்தாழ 67 லட்சம் பேர் இருந்தார்கள். 2009-10இல் 43 லட்சம். 2019-20இல் நடந்த நான்காவது கணக்கெடுப்பில் 35 லட்சம். முப்பது ஆண்டுகளில் பாதிப் பேர் தறியை விட்டு இறங்கிவிட்டார்கள். விசைத்தறி வந்தது, இளைஞர்களுக்கு விருப்பம் இல்லை என்று இரண்டு காரணங்களை எல்லோரும் சொல்வார்கள். இரண்டும் பொய்யில்லை. ஆனால் காஞ்சிபுரத்தைப் பொறுத்தவரை, இவற்றுக்கு முன்னாலேயே ஒன்று நடந்துவிட்டது. அதைப் புரிந்துகொள்ள ஒரு சேலையின் உடலும் கரையும் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

அந்தச் சேர்மானத்துக்குத்தான் கோர்வை என்று பெயர். பச்சை உடலுக்கு அரக்குக் கரை என்று வைத்துக்கொள்வோம். சாதாரணமாக நெய்தால், உடலின் குறுக்கே ஓடும் பச்சை ஊடை இழை கரைக்குள்ளும் ஓடி அடுத்த ஓரம்வரை போய்த் திரும்பும். நீளவாக்கில் ஓடும் அரக்குப் பாவுக்குள் பச்சை ஊடை கலந்து, கரையின் நிறம் கொஞ்சம் மங்கும். கோர்வையில் அப்படி இல்லை. தறியில் ஊடை இழையைக் கொண்டுபோகும் நாடாக்கள் மூன்று; உடலுக்கு ஒன்று, இரண்டு கரைகளுக்கும் ஒவ்வொன்று. நெசவாளி மிதியை அழுத்தியதும் பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிகின்றன. கரையின் நாடா கரைக்குள் மட்டும் போய்வருகிறது. உடலின் நாடா எல்லைவரை வந்து, கரையின் ஊடையோடு ஒரு கொக்கி போட்டுக்கொண்டு அங்கிருந்தே திரும்புகிறது. அரக்கு அரக்காகவே நிற்கும்; பச்சை பச்சையாகவே நிற்கும். பிறகு அச்சுப்பலகையை இழுத்து ஓர் அடி. அடுத்த இழைக்கு மறுபடியும் முதலிலிருந்து இதே வேலை. ஒரு சேலைக்கு இப்படிப் பல ஆயிரம் தடவை.

சேலையின் அகலம் ஏறத்தாழ 48 அங்குலம். ஒரு முனையில் கொக்கி போட்டுக்கொண்டே மறுமுனைக் கரையின் நாடாவையும் ஒருவரே வீசுவது நடக்காத காரியம். அதனால் நெசவாளியின் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். அந்தக் கரை அவர் பொறுப்பு. நெசவாளி அடிக்கும் வேகத்துக்கு அவர் கை ஈடுகொடுக்க வேண்டும். அவர் கண் அசந்தால் கொக்கி விட்டுப்போகும், விட்ட இடத்தில் கரை பிரியும். இரண்டு பேர் ஒரே தாளத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை இது.

முந்திக்கு இன்னொரு வித்தை உண்டு. அதைப் பெட்னி என்பார்கள். முந்தி வேறு நிறம் என்றால், உடலின் பாவு இழை ஒவ்வொன்றோடும் முந்தியின் பாவு இழையைச் சேர்த்து முறுக்கிப் பிணைப்பார்கள். இழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். இரண்டு நிறமும் கலந்து கெட்டியாகத் தெரியும் அந்தக் குறுகிய பட்டையை வைத்தே பழைய ஆட்கள் சேலையை எடைபோடுவார்கள். ஒரு நாள் முழுக்கப் பிணைத்தாலும் அன்றைக்குத் துணி ஒரு விரற்கடைகூட வளராது. கூலியோ நெய்து முடித்த சேலைக்குத்தான்.

இனி அந்தப் பக்கத்து ஆள். பல தலைமுறைகளாக அங்கே உட்கார்ந்தது குழந்தை. வீட்டுப் பிள்ளை இல்லையென்றால் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை. பெற்றோர் ஒரு முன்பணம் வாங்கியிருப்பார்கள். அந்தக் கடனுக்கு ஈடாகப் பிள்ளை தறியில் உட்கார்ந்திருக்கும். கடன் தீர்ந்தால்தான் விடுதலை. கூலியோ கடனைத் தீர்க்கும் அளவில் இருக்காது. 2003இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் வாரணாசி, கர்நாடகத்தோடு காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அதற்கு முன்பே உள்ளூரில் தொண்டு நிறுவனங்களும் மாவட்ட நிர்வாகமும் தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளை மீட்டுப் பள்ளியில் சேர்க்கத் தொடங்கிவிட்டன. 1986இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம் கையில் இருந்தது. பெற்றோரிடமும் முதலாளிகளிடமும் மன்றாடிய ஆட்களின் உழைப்பு அதைவிடப் பெரிது. சில ஆண்டுகளில் பிள்ளைகள் தறியை விட்டு எழுந்தார்கள்.

காஞ்சிபுரம் பெருமைப்பட வேண்டிய வரலாறு இது. அந்தப் பிள்ளைகளில் பலர் இன்றைக்குப் பட்டதாரிகள். பிள்ளைகள் போனதால்தான் கோர்வை அழிந்தது என்று வருத்தப்பட்டுப் பேசும் குரலை இன்னமும் கேட்க முடிகிறது. அந்தக் குரலோடு கொஞ்சமும் உடன்பட முடியாது. எட்டு வயதுப் பிள்ளையின் கண்ணையும் விரலையும் வாங்கிக்கொண்டுதான் ஒரு கலை வாழும் என்றால் அது வாழ்ந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வேலையைப் பெரியவர்கள் செய்யலாம், செய்யவும் முடியும். பிள்ளை எழுந்துபோன இடத்துக்கு ஒரு பெரியவரைக் கூப்பிட்டால் பெரியவருக்கான கூலி கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்க யாரும் முன்வரவில்லை. சேலைக்கு இவ்வளவு என்ற ஒற்றைக் கூலி அப்படியே நின்றது. பக்கத்து ஆளுக்கு நெசவாளி தன் கூலியிலிருந்தே கொடுத்துக்கொள்ள வேண்டும் என்ற பழைய வழக்கமும் மாறவில்லை. இத்தனை காலம் சேலையின் விலை கட்டுப்படியானதற்கு ஒரு காரணம் அந்தப் பிள்ளைக்கு யாரும் சரியான கூலி கொடுக்காததுதான். பிள்ளை போன பிறகு அந்தக் கணக்கைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. முதலாளியும் சங்கமும் கடையும் வாங்குபவரும் ஆளுக்கொரு பங்கு ஏற்றிருந்தால் திருத்தியிருக்கலாம்.

அப்படி நடக்காததால் அந்த இடத்துக்கு மனைவி வந்தார். சமையலை முடித்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தறிக்கு வருகிறார். மதியம் எழுந்து போகிறார். மறுபடி வந்து உட்காருகிறார். சேலை ஒன்றுக்கு இரண்டு வாரம், வேலைப்பாடு கூடினால் அதற்கு மேலும் ஆகிறது. கூலி வருவது ஒருவர் பெயருக்கு. நான்காவது கணக்கெடுப்பின்படி நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகச் சம்பாதிப்பவை. இந்த வருமானத்தைப் பார்த்து வளர்ந்த மகன் தறியில் உட்காராததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

போக வேறு இடமும் வந்துவிட்டது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். கம்பெனி பஸ் ஊர் ஊராக வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. மாதம் பிறந்தால் சம்பளம், பி.எப்., இ.எஸ்.ஐ., கல்யாணச் சந்தையில் ஒரு மதிப்பு. பெண் பிள்ளைகள் பெருமளவில் நோக்கியாவுக்குப் போனார்கள். 2014இல் அந்த ஆலை மூடப்பட்டபோது அவர்கள் வேறு ஆலைகளுக்கும் கடைகளுக்கும் போனார்களே தவிர, தறிக்குத் திரும்பியது அரிது.

தறிக்காரர் குறைந்தது மட்டும் அல்ல. ஒரு சேலைக்குப் பின்னால் ஒரு சிறு ஊரே இருக்கிறது: பட்டை முறுக்குபவர், சாயம் போடுபவர், பாவு ஓட்டுபவர், பழைய பாவோடு புதுப் பாவைப் பிணைத்துக் கொடுப்பவர், அடை கட்டுபவர், வடிவம் போடும் ஜக்கார்டுக்கு அட்டை குத்துபவர். தெருவுக்கு ஐம்பது தறி ஓடியபோது இவர்கள் எல்லோருக்கும் தெருவிலேயே பிழைப்பு இருந்தது. தறி பத்தானதும் பிணைப்பவருக்கு வேலை போதவில்லை. அவர் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டார். மீதமிருக்கும் பத்துப் பேரும் பாவு தீர்ந்தால் வேறு தெருவிலிருந்து ஆள் வரும்வரை காத்துக் கிடக்கிறார்கள். காத்திருக்கும் நாளுக்குக் கூலி கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பெய்தால் குழித்தறியின் குழிக்குள் தண்ணீர் ஊறும். அந்த நாட்களும் போயின. இப்படியே பத்து ஏழாகிறது. ஒரு தறி நின்றால் அடுத்த தறிக்கும் ஆபத்து என்பது இந்தத் தெருக்களில் எல்லோருக்கும் தெரியும்.

நெசவாளர்களைத் தனி ஆட்களாக விடக்கூடாது என்பதற்காகத்தான் கூட்டுறவு வந்தது. கோ-ஆப்டெக்ஸ் 1935இல் தொடங்கப்பட்டது. 1953இல் கைத்தறித் துணி விற்காமல் தேங்கி நெசவாளர்கள் பட்டினி கிடந்தபோது, காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து விற்றார். காஞ்சிபுரத்தில் அதற்குப் பின் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் ஓங்கி வளர்ந்தன. பட்டு, ஜரிகை, வடிவம் எல்லாம் சங்கம் தரும். நெய்த சேலையைச் சங்கமே எடுத்துக்கொள்ளும். ஆண்டு இறுதியில் போனஸ் உண்டு. முதலாளியின் முன்பணப் பிடியிலிருந்து பல குடும்பங்களை மீட்டது இந்த ஏற்பாடுதான். இன்றைக்கும் சங்கங்கள் இருக்கின்றன. ஆனால் தங்கம், வெள்ளி விலை ஏற ஏற ஜரிகை விலையும் ஏறுகிறது, சேலை தேங்குகிறது, தேங்கினால் உறுப்பினருக்குத் தொடர்ந்து பாவு கொடுக்க முடிவதில்லை. பாவு இல்லாமல் ஒரு மாதம் சும்மா உட்கார்ந்த உறுப்பினர் தனியார் முதலாளியைத் தேடிப் போகிறார்.

சட்டமும் இருக்கிறது. 1985இன் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில துணிவகைகளைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கியது. முதலில் 22 வகைகள். 1990களில் அது 11 ஆனது. சேலை இன்னமும் பட்டியலில் இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இருந்தும் விசைத்தறியில் ஓடிய சேலைகள் கைத்தறிக் கூட்டத்தோடு அலமாரியில் நிற்கின்றன. கைபேசித் திரையில் பார்த்து வாங்குகிற இந்தக் காலத்தில் கரையின் நிறம் கலந்திருக்கிறதா இல்லையா என்று யார் சொல்வது? சேலையைத் திருப்பிப் போட்டு, கரை சேரும் கோட்டில் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். கோர்வையில் அந்தக் கோடு லேசாகத் தடித்துத் தட்டுப்படும். பின்புறமும் கரை ஒரே நிறமாக இருக்கும். இது தெரிந்து கேட்பவர் வந்தால் கடைக்காரரும் வைத்துக் காட்டுவார். கேட்பவர் குறையவே, ஓர் ஆள் நெய்யும் கோர்வை இல்லாத சேலைகளே தறியில் ஏறுகின்றன. நெசவாளியைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்குப் பக்கத்தில் ஆள் இல்லை.

பேசுவதற்கு ஓர் அவையும் மிச்சமில்லை. 2020 ஜூலையில் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தையும், அடுத்த மாதமே கைவினை வாரியத்தையும் மத்திய அரசு கலைத்தது. கைவினை வாரியம் 1952இல் கமலாதேவி சட்டோபாத்யாய் தலைமையில் தொடங்கியது. இந்த வாரியங்களால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்று வாதிட இடம் உண்டு. ஆனாலும் நெசவாளி தன் வாயால் தன் குறையைத் தில்லியில் சொல்ல இருந்த ஒரு நாற்காலி அது. கொரோனாவில் தறிகள் நின்று கிடந்த அந்த ஆண்டில்தான் அது எடுக்கப்பட்டது.

மாநில அரசு சிலவற்றைச் செய்கிறது. கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023இல் 300 யூனிட் ஆனது. மின்னணு ஜக்கார்டு வந்த தறிகளில் அட்டை குத்தும் வேலை மிச்சம். சேலத்தில் 1960இலிருந்து மத்திய அரசின் கைத்தறித் தொழில்நுட்பக் கல்வி நிலையம் இருக்கிறது. காஞ்சிபுரத்திலேயே அதே அரசின் நெசவாளர் சேவை மையமும் இருக்கிறது. இவற்றில் எதுவும் கோர்வையின் இரண்டாவது ஆளைத் தொடவில்லை. கூலிப் பட்டியலில் கோர்வைச் சேலைக்கு இரண்டு பெயர், இரண்டு தொகை என்று எழுதலாம். நெசவாளர் அடையாள அட்டையும் ஓய்வூதியமும் கரை நாடா வீசும் பெண்ணுக்கும் தனியாகக் கிடைக்கச் செய்யலாம். இருபது, முப்பது ஆண்டுகள் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்த பெண்களில் பலருக்குத் தறியின் முழு வேலையும் தெரியும். அவர்களைப் பயிற்றுநர்களாகச் சம்பளத்துக்கு எடுக்கலாம். கல்யாணத்துக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கும் வீட்டில், ஒரு கோர்வைச் சேலைக்கு இன்னும் சில ஆயிரம் கூடுவது தாங்க முடியாத தொகை இல்லை. கேட்டு வாங்கி, அந்தத் தொகை கடையோடு நிற்காமல் தறிவரை போய்ச் சேருகிறதா என்று சங்கம் பார்த்துக்கொண்டால், ஐம்பத்தைந்து வயது நெசவாளியின் பக்கத்தில் இருபத்தைந்து வயது ஆள் ஒருவர் சம்பளத்துக்கு வந்து உட்கார இன்னமும் வழி இருக்கிறது. கொக்கி போடச் சொல்லித் தரும் கைகள் இப்போதைக்குப் பிள்ளையார்பாளையத்தில் இருக்கின்றன.