எந்த எட்டரை?

பெரியப்பா விட்டுப்போன சி.ஆர். கொப்பிகள் பதினொன்று. 1974 தொடக்கம் 2006 வரை, நாளுக்கு ஒரு வரி: திகதி, உயர்வு, இழிவு, காலை எட்டரை மணி வெப்பநிலை, ஓரத்தில் 'குறிப்பு' என்று ஓர் ஒடுங்கிய பத்தி. மட்டக்களப்பின் தேற்றாத்தீவில் வெற்றிலைத் தோட்டம் வைத்திருந்தவர். கொடி ஏன் வாடுகிறது என்று அறிய வெப்பமானி வாங்கினார்; வெற்றிலையை விட்ட பிறகும் வெப்பமானியை விடவில்லை. 'முந்தி இப்படிச் சூடு இல்லை' என்று ஊரில் எல்லாரும் சொல்கிறோம். கொப்பி என்ன சொல்கிறது என்று பார்க்க உட்கார்ந்தேன். ஒரு கிழமை வேலை என்று நினைத்தது, ஒரு மாரியையும் ஒரு கச்சான் காலத்தையும் தின்றுவிட்டது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கொப்பி கிடக்கலாம். ஆகவே செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

கொப்பியைத் திறக்க முன் கருவியைப் பார்க்க வேண்டும். விறாந்தைத் தூணில் இன்னும் தொங்குவது உயர்வு இழிவு வெப்பமானி. ஜேம்ஸ் சிக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1782இல் விவரித்த அமைப்பு அது. 'ப'வைப் போல வளைந்த கண்ணாடிக் குழாய், வளைவில் இரசம், இரு புயத்திலும் அதற்கு மேலே அற்ககோல். இரசம் தள்ளித் தள்ளி இரண்டு சிறு இரும்பு ஊசிகளை நகர்த்தும். இரசம் விலகினாலும் ஊசி தள்ளப்பட்ட இடத்திலேயே நிற்கும். ஊசியின் கீழ்முனையை வாசித்து, காந்தத்தால் இரண்டையும் இழுத்து இரசத்தின் மேல் உட்காரவைத்தால் அடுத்த நாளுக்குத் தயார். உயர்வுப் புயத்தில் இலக்கம் மேலே போகப் போகக் கூடும். இழிவுப் புயத்தில் மேலே போகக் குறையும். 25க்கு ஒரு கோடு மேலே நிற்கும் ஊசியைப் பழக்கத்தில் 26 என்று வாசித்துவிடுவோம், அது 24. நானே முதல் கிழமையில் மூன்று தரம் பிழைவிட்டேன்.

அடுத்தது பதிவைக் கணினியில் ஏற்றுவது. இரண்டு பேர் தனித்தனியாக ஏற்றி, பிறகு ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். ஒருவரே இரண்டு தரம் ஏற்றினால் அதே பிழையை இரண்டு தரமும் விடுவார். கொப்பியில் இருப்பது பிழை என்று பட்டாலும் அப்படியே ஏற்றுங்கள். திருத்தம் வேறு பத்தியில்தான் வரவேண்டும். ஆரம்பக் கொப்பிகள் பாரன்ஹைட்டில் இருந்தன. 32ஐக் கழித்து, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் வகுத்தால் 76 பாகை 24.4 ஆகும், 77 பாகை 25.0 ஆகும். அந்தத் தசமத்தை வெட்டக்கூடாது. வெட்டினால் மாதச் சராசரியே சாய்ந்துவிடும்.

ஏற்றியபின் ஒவ்வொரு வரியையும் தன்னோடு தானே மோதவிடலாம். காலையில் ஊசியை இறக்கியதிலிருந்து மறுநாள் காலை வரையான உயர்வு, அந்த இரண்டு காலை எட்டரை வாசிப்புகளுக்கும் குறைந்ததாக இருக்க முடியாது. இழிவு அவற்றைவிடக் கூடியதாக இருக்க முடியாது. தலைகீழ் வாசிப்புகளில் பாதி இந்த வலையில் சிக்கின. மீதி சிக்கவில்லை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்னொரு பொறி திகதி. செவ்வாய் காலை வாசிக்கும் உயர்வு, திங்கள் பிற்பகல் அடித்த வெயில். பெரியப்பா அதைச் செவ்வாயின் வரியில் எழுதினாரா, திங்களின் வரிக்குக் கொண்டுபோனாரா? மார்கழி வாடைமழை நாட்களைப் பிடித்துப் பார்த்தேன். குறிப்பில் 'பகல் முழுக்க மழை' என்று இருக்கும் நாளுக்கு அடுத்த வரியில்தான் உயர்வு விழுந்திருந்தது. அப்படியென்றால் உயர்வுப் பத்தி முழுவதும் ஒரு நாள் மேலே ஏற வேண்டும். மாதச் சராசரிக்கு இது பெரிய காரியமில்லை. ஆனால் வளிமண்டலவியல் திணைக்களத்தின் நாள் பதிவோடு பக்கத்தில் வைக்கப்போனால் எல்லாம் குழம்பும்.

இனி உள்ளே உள்ள முறிவுகள். 23.11.1978க்குப் பிறகு பல வரிகள் வெறுமை. அன்றுதான் புயல் மட்டக்களப்பு வழியே கரையேறியது. பதிவு மறுபடி தொடங்கும் இடத்தில், குறிப்புப் பத்தியில் இரண்டு சொற்கள்: 'கிடுகு போச்சு. தகரம்.' விறாந்தைக் கூரை கிடுகிலிருந்து தகரத்துக்கு மாறிவிட்டது. வளவில் நின்ற தென்னைகளும் அதே இரவில் சாய்ந்தன. வெப்பமானி அசையவில்லை, தூணும் அதே தூண். ஆனால் அது இப்போது வேறோர் இடத்தில் தொங்குகிறது என்றே கொள்ளவேண்டும்.

இந்த மாற்றம் எவ்வளவு என்று கொப்பியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அயல் நிலையம் ஒன்று வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களத்தில் கட்டணம் கட்டினால் மாதத் தரவு எடுக்கலாம். முதலில் கை நீள்வது மட்டக்களப்பு நிலையத்துக்குத்தான். ஆனால் அதையும் அதே புயல் அடித்தது. அயல் என்பது அடிபடாததாக இருக்கவேண்டும். மட்டக்களப்பிலிருந்து நேர்கோட்டில் திருகோணமலையும் பதுளையும் ஏறக்குறைய ஒரே தூரம், 110 கிலோமீற்றர் அளவில். பதுளை 700 மீற்றர் அளவு உயரத்தில் மலைக்குள் இருக்கிறது. திருகோணமலை எங்களைப் போலக் கடலோரம். வைகாசி முதல் ஆவணி வரை மலையில் மழையைக் கொட்டிவிட்டு வரண்டு இறங்கும் கச்சான் அங்கும் எரிக்கும், வாடை அங்கும் நனைக்கும். ஆகவே திருகோணமலை.

மாதம் மாதமாகக் கொப்பியிலிருந்து திருகோணமலையைக் கழியுங்கள். நாடு முழுவதும் சூடான வருடமோ குளிர்ந்த வருடமோ, இரண்டிலும் ஒன்றாக ஏறி இறங்குவதால் கழிவில் அது மறைந்துபோகும். மிஞ்சுவது தூணடியில் நடந்தது மட்டும். அந்தக் கோடு 1978 கடைசியில் படி ஏறியது. ஒரு கணக்குக்காக, புயலுக்கு முன் வித்தியாசம் சராசரியாக 0.1 பாகை, பின் 0.7 பாகை என்று வைத்துக்கொள்வோம். படி 0.6. அதை வருடம் முழுவதற்கும் ஒரே அளவாகப் போட்டால் பிழை. தகரம் சுடுவது வெயிலில்; மாரி மூட்டத்தில் தகரமும் கிடுகும் ஒன்றுதான். பன்னிரண்டு மாதத்துக்கும் தனித்தனியாகப் படியை அளந்தேன். ஒரு மாதம் துள்ளாமல் இருக்க முன்பின் மாதங்களோடு சேர்த்து மழுப்பினேன். உயர்வுக்கும் இழிவுக்கும் வேறு வேறு கணக்கு.

எந்தப் பக்கத்தைத் திருத்துவது? வழக்கம் பழையதைத் திருத்துவது. நாளை எழுதப்போகும் எண்ணை ஒவ்வொரு நாளும் திருத்திக்கொண்டிருக்க முடியாதே. 'பழைய கணக்கை மாற்றிச் சூடேறியதாகக் காட்டுகிறார்கள்' என்ற குற்றச்சாட்டு உலகம் முழுவதும் உண்டு. இங்கே நடந்தது நேர்மாறு: தகரத்துக்காகப் பழைய பகல்களை உயர்த்த, ஏற்றம் சுருங்கிற்று. இல்லாமல் போகவில்லை. இரவு இழிவில் திருத்தம் சிறியது. அங்கே ஏற்றம் அப்படியே நிற்கிறது. தென்னை விழுந்ததன் பங்கு எவ்வளவு, தகரத்தின் பங்கு எவ்வளவு என்று மட்டும் பிரிக்க முடியவில்லை. தகரம் கருவியின் குறை. தென்னை போனதோ ஊருக்கே நடந்த உண்மை மாற்றம், அதை அழிப்பது சரியா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. இரண்டையும் சேர்த்தே திருத்தி, அப்படிச் செய்ததை எழுதிவைத்திருக்கிறேன்.

என்னை அதிகம் மினக்கெடுத்தியது எட்டரை மணிப் பத்தி. 1996 நடுவிலிருந்து அதன் அருகே 'ப.நே.' என்று சிறிதாக எழுதியிருக்கும்: பழைய நேரம். மின்வெட்டைச் சமாளிக்க 1996 மே மாதம் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்தள்ளியது. ஒக்டோபரில் அரை மணி திருப்பியது. 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஆனது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் இந்த மாற்றம் செல்லவில்லை. மட்டக்களப்பு வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரையில் புது நேரம், அந்தப் பக்கம் படுவான்கரையில் பழைய நேரம். குருக்கள்மடத் துறையில் எட்டரைக்குத் தோணி ஏறினால் அக்கரையில் எட்டு மணி சொச்சத்துக்கு இறங்கலாம். பெரியப்பாவுக்கு வயல் அக்கரையில். கைமணிக்கூட்டை அவர் மாற்றவே இல்லை.

சூரியன் அவர் பக்கம்தான். மட்டக்களப்பின் நெடுங்கோடு 81.7 பாகை கிழக்கு. பாகைக்கு நான்கு நிமிடம் என்று பெருக்கினால் கிரீன்விச்சுக்கு 5 மணி 27 நிமிடம் முன். பழைய ஐந்தரைக்கு மூன்று நிமிடம்தான் குறைவு. புது நேரத்து எட்டரையில் வெயில் ஏறக்குறைய எட்டு மணி வெயில். இழிவு விடியப்புறமே பதிவாகிவிடும், உயர்வு முதல்நாள் பிற்பகலுடையது. அரை மணி தள்ளியதால் அவை அதிகம் கெடாது. ஆனால் எட்டுக்கும் எட்டரைக்கும் இடையில் பாகை கிடுகிடுவென ஏறுகிறது, எட்டரைப் பத்தி கட்டாயம் கெடும்.

'ப.நே.' இல்லாத பக்கங்களை என்ன செய்வது? எட்டரை வாசிப்பிலிருந்து அன்றைய இழிவைக் கழித்தேன். அரை மணி முந்தி வாசித்திருந்தால் அந்த இடைவெளி சுருங்கும். ஒரு கொப்பியின் நடுவில் மட்டும் சில மாதங்கள் சுருங்கியிருந்தது. எழுத்தும் அங்கே வேறு, சாய்ந்த எழுத்து. பெரியப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த காலம்.

"பெரியம்மா, நீங்க எந்த மணிக்கூட்டப் பாத்து எழுதினீங்க?"

"மணிக்கூடு எங்க? ரேடியோவில செய்தி முடியும், மறுகா எழும்பிப் போய்ப் பாப்பன் மகன்."

வானொலி புது நேரம். அந்த மாதங்களுக்கு மட்டும் திருத்தம் போட்டேன். எவ்வளவு என்பதை ஊகிக்கவில்லை. இப்போது நிமிடத்துக்கு நிமிடம் பதியும் ஒரு மின்னணு வெப்பமானியை அதே தூணில் தொங்கவிட்டு, எட்டுக்கும் எட்டரைக்கும் இடையில் மாதவாரியாக எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து அதைக் கூட்டினேன்.

கடைசியில் கோப்பில் நான்கு பத்தி: கொப்பியில் இருந்தது, திருத்தியது, எவ்வளவு, ஏன். முதல் பத்தியில் யாரும் கைவைக்கக் கூடாது.

பதிவைத் தொடர, வெப்பமானியை வெயில் படாமல் வைக்கும் ஸ்டீவன்சன் பெட்டி ஒன்று செய்வித்தேன். வெள்ளை மை, நாலு பக்கமும் சாய்சட்டம், நெஞ்சளவு உயரக் கால். புத்தகங்கள் கதவை வடக்கே வைக்கச் சொல்லும். அது குளிர்நாட்டுக்குச் சரி. எங்கள் ஊரில் ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டெம்பர் தொடக்கம் வரை உச்சிச் சூரியன் வடக்கே நிற்கும், கச்சான் எரிக்கும் மாதங்களும் அவையே. ஆகவே தச்சனிடம் சொல்லி வடக்கும் தெற்கும் இரண்டு கதவு, காலத்துக்கு ஏற்ப ஒன்றைத் திறப்பது. தூண் வெப்பமானியை எடுக்கவில்லை. குறைந்தது ஒரு வருடம் இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் பழைய கொப்பிக்கும் புதிய பெட்டிக்கும் பாலம் போடலாம்.

புதிய கொப்பியில் குறிப்புப் பத்தியை மற்ற எல்லாவற்றையும்விட அகலமாகக் கோடு போட்டிருக்கிறேன். நேற்று அதில் எழுதியது: 'பக்கத்து வளவில் மதில் கட்டத் தொடங்கினார்கள். பெட்டியிலிருந்து ஒன்பது அடி, மேற்குப் பக்கம்.'