வார்டில் அக்காவின் முதல் நாள்கள்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி)

"வருங்காலத்தில் நீங்கள் என்னவாக விரும்புகிறீர்கள்?" என்று ஒருநாள் வகுப்பில் ஆசிரியை கேட்டார். டாக்டர், இன்ஜினீயர், கலெக்டர், ஆசிரியை என்று விடைகள் வரிசையாக வந்தன. இருவர் மட்டும் "நர்ஸ்" என்றனர். "நர்ஸுக்கு உதவியாளர்" என்று எவரும் கூறவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏனெனில் என் அக்கா அந்தப் பயிற்சியில்தான் இருக்கிறாள். அதைத் தோழியரிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் எவ்வாறு போயிற்று என்பதையும், அப்பயிற்சியில் என்னதான் கற்றுத் தருகிறார்கள் என்பதையும் இக்கட்டுரையில் கூற விரும்புகிறேன்.

அக்கா ஏன் சேர்ந்தாள்?

நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் ஆச்சிக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு கையும் ஒரு காலும் விழுந்துவிட்டன. வீட்டில் அவளை எல்லோரும் தாங்கினோம். அம்மா கஞ்சி ஊட்டுவாள். அப்பா பஸ் டியூட்டி முடிந்து வந்ததும் அவள் காலடியில்தான் உட்காருவார். ஆனால் "அசைத்தால் வலிக்குமே" என்று அஞ்சி, மல்லாந்தபடியே அவளைக் கிடக்க விட்டோம். மூன்று வாரத்தில் இடுப்புக்குக் கீழே ஒரு புண் வந்தது. அது பெரிதாகி ஆழமாயிற்று. அடுத்த மாதம் ஆச்சி போய்விட்டாள்.

"நாமெல்லாரும் பக்கத்தில்தானே இருந்தோம்!" என்று அக்கா அழுதது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அவள் ஒரு மருத்துவமனையில் ஓராண்டு உதவியாளர் பயிற்சிக்கு விண்ணப்பம் போட்டாள். "ஊரார் மலச்சட்டி எடுக்கவா பெண்ணைப் படிக்க வைத்தேன்?" என்று அப்பா இரண்டு நாள் பேசவில்லை. அம்மாதான் அவரைச் சமாதானம் செய்தாள்.

சேரும் முன் இருந்த அச்சங்கள்

சேருவதற்கு முந்திய இரவு அக்கா தூங்கவில்லை. இரத்தத்தைக் கண்டு மயங்கி விழுந்துவிடுவேனோ, நோய் என்னைத் தொற்றிக்கொள்ளுமோ, எல்லோர் முன்னும் ஏச்சு வாங்குவேனோ என்றெல்லாம் என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். எல்லாவற்றிலும் பெரிய அச்சம், "என் அறியாமையால் ஒரு நோயாளிக்குத் தீங்கு நேர்ந்துவிட்டால்?" என்பதுதான்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். உதவியாளரும் நர்ஸும் ஒன்றல்லர். ஊசி போடுவது, மருந்து கொடுப்பது, குளுக்கோஸ் ஏற்றுவது ஆகியவை நர்ஸின் பொறுப்பு. நோயாளியைக் குளிப்பாட்டுவது, உணவு ஊட்டுவது, உடை மாற்றுவது, திருப்பிப் படுக்க வைப்பது, கைபிடித்து நடத்துவது ஆகியவை உதவியாளரின் வேலைகள். காய்ச்சல், நாடி, மூச்சு ஆகியவற்றைப் பார்த்துக் குறித்து நர்ஸிடம் சொல்வதும் அவளுக்குக் கற்றுத் தரப்படுகிறது. நோயாளியின் அருகே அதிக நேரம் இருப்பவள் அவளே. ஆகவே ஒரு மாற்றத்தை முதலில் காணக்கூடியவளும் பெரும்பாலும் அவளே.

முதல் பாடம்

பெரிய கருவிகளைக் காட்டுவார்கள் என்று அக்கா எண்ணிப் போனாளாம். முதல் நாள் கற்றுத் தந்தது கை கழுவுவதை! சோப்புப் போட்டு உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகநுனி என ஒவ்வொன்றாகத் தேய்த்து, கழுவித் துடைத்து முடிக்க 40 முதல் 60 விநாடிகள் ஆக வேண்டும். ஒரு நோயாளியைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கையைச் சுத்தம் செய்ய வேண்டும்.

"இதற்கு ஒரு வகுப்பா?" என்று நான் சிரித்தேன். அக்கா எனக்கு ஒரு வரலாறு சொன்னாள். 1847ஆம் ஆண்டில் வியன்னா நகரின் பெரிய மருத்துவமனையில் பிள்ளை பெற்ற தாய்மார் பலர் காய்ச்சலால் இறந்துகொண்டிருந்தனர். ஏப்ரல் மாதத்தில் ஒரு பிரிவில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் மாண்டனர். அங்கிருந்த செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பிணங்களை அறுத்துப் படித்துவிட்டு அதே கையோடு தாய்மாரைத் தொடுவதே காரணம் என்று உணர்ந்தார். குளோரின் கலந்த நீரில் எல்லோரும் கை கழுவியே வர வேண்டும் என்று ஆணையிட்டார். ஜூன் மாதத்தில் இறப்பு நூற்றுக்கு இரண்டாகக் குறைந்தது! கிருமிகளைப் பற்றி உலகம் அறியாத காலம் அது. அதன்பின் நான் சிரிக்கவில்லை. இப்பொழுது எங்கள் வீட்டில் யாரும் கை கழுவாமல் அடுப்படிக்குள் நுழைய முடியாது.

நடுங்கிய கை

வகுப்பில் பொம்மையை வைத்துப் பழகிய பின் வார்டுக்கு அனுப்பினார்கள். முதல் நாள் பக்கவாதத்தில் கிடந்த ஒரு பாட்டிக்கு உடம்பு துடைத்துவிடும் வேலை. அக்காவின் கை நடுங்கிற்றாம். பாட்டி அவளையே பார்த்திருந்துவிட்டு, "ஏட்டி, சீக்காளி நானா நீயா? என் கையை விட உன் கைல்லா ஆடுது!" என்றாளாம். இருவரும் சிரித்துவிட்டனர். அதன்பின் நடுக்கம் குறைந்தது.

அந்த வேலையிலும் எத்தனை ஒழுங்கு! முதலில் திரையை இழுத்துவிட வேண்டும். என்ன செய்யப் போகிறோம் என்று நோயாளியிடம் சொல்ல வேண்டும். கண்ணை மூக்கின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும். ஒரு கண்ணுக்குத் தொட்ட பஞ்சை மறு கண்ணுக்குத் தொடக்கூடாது. துடைக்கும் பகுதியை மட்டும் திறந்து மற்றதைப் போர்த்தியிருக்க வேண்டும். உடுத்தும்போது பலமில்லாத கைக்கு முதலில் சட்டையை மாட்ட வேண்டும். கழற்றும்போது பலமுள்ள கையிலிருந்து தொடங்க வேண்டும். இதைக் கேட்டபோது அம்மா கண்கலங்கினாள். ஆச்சிக்கு இரவிக்கை போடும்போதெல்லாம் அவள் வலியால் முனகியது அம்மாவுக்கு நினைவு வந்துவிட்டது.

நாணம் யாருக்கு?

அப்பா சொன்ன மலச்சட்டிக்கு வருகிறேன். மருத்துவமனையில் அதை பெட்பேன் என்பார்கள். முதல்முறை எடுத்தபோது அக்காவுக்குக் குமட்டல் வந்ததாம். முகத்தில் காட்டாமல் பல்லைக் கடித்துக்கொண்டாள். அப்பொழுது கட்டிலில் இருந்த அம்மாள், "என்னை மன்னிச்சிரும்மா, உனக்கு இந்த வேலை வச்சிட்டேனே" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்களாம். அவர்கள் முப்பது ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள்.

"எனக்கு அருவருப்புத்தான் இருந்தது. அவர்களுக்கோ மானமே போவதுபோல் இருந்தது. எது பெரிது என்று அப்போது தெரிந்துவிட்டது" என்றாள் அக்கா. அடுத்த நாள் அந்த அம்மாளிடம் அவர்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலையை முடித்தாளாம். குமட்டல் சில வாரங்களில் பழகிப் போயிற்று.

இரண்டு மணி நேரக் கணக்கு

படுக்கைப்புண் பற்றிய பாடம் நடந்த நாளில் அக்கா வகுப்பிலேயே அழுதுவிட்டாளாம். அசையாமல் கிடப்பவரின் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சதை நசுங்குகிறது. அவ்விடத்துக்கு இரத்தம் போவது நின்று, தோல் மெல்ல மெல்லச் செத்துப் புண்ணாகிறது. வால் எலும்பு, இடுப்பு, குதிகால், முழங்கை, பின்தலை ஆகிய இடங்களில் இது வரும்.

தானாகப் புரள முடியாதவரை ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். கெண்டைக்காலின் கீழ் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் காக்க வேண்டும். விரிப்பு சுருக்கமின்றியும் ஈரமின்றியும் இருக்க வேண்டும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்த பின்னும் சிவப்பு வெளுக்காமல் அப்படியே இருந்தால், அது புண்ணின் தொடக்கம். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம். ஆகவே அவ்விடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அவ்விடத்தைத் தேய்க்கக் கூடாது. உடனே நர்ஸிடம் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் ஆச்சியின் மேல் அன்புக்குக் குறைவில்லை. இந்த இரண்டு மணி நேரக் கணக்குத்தான் எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. இந்த இதழைப் படிக்கும் பெற்றோர் வீட்டில் படுத்த படுக்கையாக யாரேனும் இருந்தால், இந்தப் பகுதியை மட்டுமாவது மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டுகிறேன்.

எண்ணாமல் எழுதிய எண்

இனி அக்கா செய்த தவற்றையும் சொல்ல வேண்டும். சொல்லலாமா என்று கேட்டேன். "அதைத்தான் முதலில் எழுத வேண்டும்" என்றாள்.

நாடி பார்க்கும்போது மணிக்கட்டில் நடுவிரல்களை வைக்க வேண்டும். கட்டைவிரலை வைக்கக் கூடாது. அதற்கே ஒரு துடிப்பு உண்டு. நம் துடிப்பையே நோயாளியின் துடிப்பென்று எண்ணிவிடுவோம். ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருப்பது இயல்பு. மூச்சை எண்ணும்போது எண்ணுகிறோம் என்று சொல்லக் கூடாது. சொன்னால் அவர்கள் மூச்சை மாற்றி விடுவார்கள். ஆகவே நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்தபடியே எண்ணிவிடுவார்கள்.

வார்டுக்குப் போன மூன்றாம் வாரம் ஒரு காலையில் அக்காவுக்கு எட்டு நோயாளிகளின் கணக்கு. ஏழு பேரை முடித்துவிட்டாள். எட்டாவது, எலும்பும் தோலுமான ஒரு பாட்டி. மூன்று முறை தேடியும் நாடி அகப்படவில்லை. டாக்டர் வரும் நேரமாகிவிட்டது. "தெரியவில்லை" என்று சொன்னால் எல்லோரும் சிரிப்பார்களே என்று பயம். முந்திய நாள் மாலை 78 என்று எழுதியிருந்ததைப் பார்த்து, 80 என்று எழுதிவிட்டாள்.

மதியம் சோறு இறங்கவில்லையாம். எழுந்து போய் வார்டு சிஸ்டரிடம் உண்மையைச் சொன்னாள். (நம் பள்ளியில் சிஸ்டர் என்றால் கன்னியர். மருத்துவமனையில் நர்ஸையும் அப்படித்தான் அழைக்கிறார்கள்.) அவர்கள் ஏசவில்லை. உடனே அக்காவை அழைத்துக்கொண்டு அந்தக் கட்டிலுக்குப் போனார்கள். அக்காவின் விரல்களைச் சற்று நகர்த்தி வைத்து, "இத்தனை அழுத்தாதே. அழுத்தினால் நாடி மறைந்துவிடும்" என்றார்கள். முழு நிமிடம் எண்ணினார்கள். 112! அதுவும் ஒழுங்கில்லாமல் விட்டுவிட்டுத் துடித்தது. டாக்டருக்குச் செய்தி போயிற்று. இ.சி.ஜி. எடுத்தார்கள், மருந்து மாற்றினார்கள். பாட்டி பத்து நாளில் வீடு திரும்பினாள்.

பிறகு சிஸ்டர் அக்காவிடம், "நாடி கிடைக்கவில்லை என்று நீ சொன்னால் ஐந்து நிமிடத்தில் நான் வந்து பார்ப்பேன். 80 என்று நீ எழுதிவிட்டால் நான் எதற்கு வருவேன்?" என்றார்களாம். தவறான எண்ணை அழிக்காமல் ஒரே கோடு போட்டு, அருகில் சரியான எண்ணும் நேரமும் எழுதிக் கையொப்பமிடச் சொன்னார்கள். அக்காவின் பெரிய அச்சத்திற்கு அன்று விடை கிடைத்தது. அறியாமையால் தீங்கு நேராமல் காக்க முடியும். அறியாமையை மறைத்தால்தான் காக்க முடியாது.

முன்னே நடந்தவர்கள்

பெண்ணை இத்தொழிலுக்கு அனுப்பத் தயங்கியவர் எங்கள் அப்பா மட்டுமல்லர். 1820இல் செல்வக் குடும்பத்தில் பிறந்த ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை அவர் வீட்டார் பல ஆண்டுகள் தடுத்தனர். 31ஆம் வயதில்தான் அவர் ஜெர்மனியில் பயிற்சி பெற முடிந்தது. 1860இல் இலண்டனில் செவிலியர் பயிற்சிப் பள்ளி கண்டவரும் அவரே. அவர் பிறந்த மே 12ஆம் நாளைத்தான் இன்று உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடுகிறோம். நம் தமிழகத்தில், வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909இல் நர்ஸ் பயிற்சியைத் தொடங்கினார். 1946இல் அங்கே அது பட்டப்படிப்பாகவும் வளர்ந்தது.

முடிவாக

அக்கா இப்பொழுது ஞாயிறுதோறும் வீட்டுக்கு வருகிறாள். என்னைக் கட்டிலில் படுக்க வைத்து, ஆளை எழுப்பாமலே விரிப்பு மாற்றிப் பழகுகிறாள். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா டியூட்டிக்குப் புறப்பட்டவர், வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் கையை அக்காவிடம் நீட்டினார். அக்கா கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிடம் எண்ணினாள். "எழுபத்தாறு, அப்பா. நல்லா இருக்கு" என்றாள். "சரி" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

நான் என்னவாகப் போகிறேன் என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் என் அக்கா என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், இனித் தலை குனிய மாட்டேன்.