சொன்னால் கேட்கும் மணமகன் தேவை

சபைப் பத்திரிகைகளில் வரும் 'மணமகள் தேவை' விளம்பரங்களைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பாருங்கள். தேவபயமுள்ள, தாழ்மையான, குடும்பத்தோடு அனுசரித்துப் போகிற பெண் வேண்டும் என்றிருக்கும். 'மணமகன் தேவை' பக்கம் வந்தால் வேலை, சம்பளம், சொந்த வீடு, குடிப்பழக்கம் இல்லாதவர். சொன்னால் கேட்கிற பையன் வேண்டும் என்று யாரும் காசு கொடுத்து விளம்பரம் போட்டதாகத் தெரியவில்லை.

கற்றுக்கொள்ளும் மனம் வேண்டும் என்று நம் சபைகளில் சொல்லாத நாளில்லை. வாலிபர் முகாமில் சொல்கிறார்கள், மணமக்களுக்கான ஆலோசனை வகுப்பில் சொல்கிறார்கள். ஆனால் அந்த மனம் யாருக்கு வேண்டுமாம்? மருமகளுக்கு, வாலிபனுக்கு, போன மாதம் சபையில் சேர்ந்தவருக்கு. மேலே இருப்பவர் கற்றுத் தேறி முடித்தவர் என்பது எழுதப்படாத சட்டம்.

வேதாகமம் இந்தச் சட்டத்தை மதிப்பதாகத் தெரியவில்லை. சீரியாவின் படைத்தலைவன் நாகமானுக்குக் குஷ்டம் தீர வழி சொன்னது, சிறைபிடித்து வரப்பட்டு அவன் வீட்டில் வேலை செய்த சிறுமி. யோர்தானில் முழுகச் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டு திரும்பியவனை நயமாகப் பேசி நிறுத்தியவர்கள் அவனுடைய வேலைக்காரர்கள். விடிந்தது முதல் இருட்டும் வரை தனியாளாக வழக்குத் தீர்த்துக்கொண்டிருந்த மோசேக்கு, பொறுப்பைப் பிரித்துக் கொடு என்று யோசனை சொன்னவர் மீதியான் தேசத்து ஆசாரியரான மாமனார் எத்திரோ. மோசே அப்படியே செய்தார்.

ஆனாலும் எனக்குப் பிடித்தது அப்பொல்லோவின் கதைதான். அப்போஸ்தலர் நடபடிகள் 18-ம் அதிகாரத்தின் கடைசியில் வருகிறது. அலெக்சந்திரியாக்காரர், பேச்சில் வல்லவர், வேதத்தில் கரைகண்டவர். எபேசு ஜெப ஆலயத்தில் தைரியமாகப் பேசுகிறார். ஆனால் யோவான் கொடுத்த ஞானஸ்நானத்துக்கு அப்பால் அவருக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டிருந்த ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரம் செய்து பிழைக்கிறவர்கள். கிலவுதியு ராயன் யூதர்களை ரோமாபுரியிலிருந்து வெளியேற்றியபோது கொரிந்துக்கு வந்து, அங்கிருந்து எபேசுக்கு வந்தவர்கள். சபை நடுவே எழுந்து அவர்கள் குறுக்கிடவில்லை. தங்களோடு அழைத்துப்போய் விளக்கிச் சொன்னார்கள். இன்றைக்கென்றால் ஆசீர்வாதம் கூறி முடிப்பதற்குள் விஷயம் வாட்ஸ்அப் குழுவில் ஏறியிருக்கும்.

அப்பொல்லோ முகம் சுளித்தாரா, எதிர்க்கேள்வி கேட்டாரா என்று லூக்கா எழுதவில்லை. அடுத்த வசனத்திலேயே அவர் அகாயாவுக்குப் புறப்படுகிறார். அவரை ஏற்றுக்கொள்ளும்படி எபேசு சகோதரர்கள் கடிதம் எழுதிக் கொடுக்கிறார்கள். படித்த பிரசங்கி ஒருவர், கைத்தொழில் செய்யும் கணவனும் மனைவியும் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். அதிலும் மனைவி சொன்னதை!

தமிழ்நாட்டில் புராட்டஸ்டண்ட் ஊழியம் தொடங்கியதே இப்படித்தான். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் படிக்கப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். வயதான உள்ளூர் வாத்தியார் ஒருவரைத் தன் வீட்டிலேயே பள்ளி நடத்த வைத்தார். வந்தது போதிக்க, உட்கார்ந்தது மாணவனாக. 1715-ல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது அந்த மணலெழுத்தின் பலன்.

அந்த மனம் பின்னால் வந்தவர்களிடம் அவ்வளவாகத் தங்கவில்லை. 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், வெள்ளாளன்விளையில் பிறந்த வே. சா. அசரியா பேச எழுந்தார். மேல்நாட்டு மிஷனெரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் நடுவே சமமான நட்பு இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். அரங்கில் பலருக்கு அது உறைத்தது. ஆனால் 1912-ல் அதே அசரியா தோர்ணக்கல் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்.

யார் எது சொன்னாலும் தலையாட்டினால் கள்ளப் போதகத்தில் போய் விழுவோம் என்று மூத்தவர்கள் எச்சரிக்கிறார்கள். எச்சரிக்கட்டும், நியாயம்தான். ஆனால் இன்றைக்கு நம் நோய் அதுவல்ல. பிரசங்கம் முடிந்து வாசலில் நிற்கும் ஐயரிடம் வரிசையாகக் கைகொடுத்து எல்லாரும் சொல்வது ஒரே வாக்கியம்: 'நல்ல மெசேஜ் ஐயா.' வசனத்தைத் தவறாகச் சொல்லியிருந்தாலும் அதே வாக்கியம்தான். கேட்டுக் கேட்டு அவருக்கும் பழகிவிடுகிறது. இரண்டு மூன்று வருடத்தில், கேள்வி கேட்கிற ஒரே ஆள் கலகக்காரனாகத் தெரிய ஆரம்பிக்கிறான். வீட்டிலும் இதே கதை. குடும்ப ஜெபம் நடத்துகிற அப்பாவிடம், 'அம்மாவை எல்லார் முன்னாலும் அப்படிப் பேசாதீங்கப்பா' என்று மகள் சொல்லிவிட்டால், ஜெபத்தில் அடுத்து வருவது அவளுடைய கீழ்ப்படியாமைக்கான விண்ணப்பம்.

எடின்பரோவில் அசரியாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் அந்நியர்கள். இப்போது மேடையிலும் நம்மவர்கள், பெஞ்சிலும் நம்மவர்கள். அடுத்த சேகரக் கூட்டத்தில் ஓய்வுநாள் பள்ளி டீச்சர் ஒருவர் எழுந்து, 'ஐயா, இந்த ஒரு விஷயம் சரியில்லை' என்று ஆரம்பித்தால், அவர் கையில் மைக்கை எவ்வளவு நேரம் விட்டுவைப்பார்கள்?