மேடை போடும்போதே செடியையும் நினையுங்கள்

நம் வீடு, நம் கை – 9

சென்ற வாரம் மொட்டைமாடி ஒழுகலைப் பற்றிப் பார்த்தோம். அதையொட்டி மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கமிருந்து வந்த கேள்விகள் பெரும்பாலும் இரண்டு வகை. “சமையலறையை மாற்றிக் கட்டப்போகிறோம், எதிலிருந்து தொடங்குவது?” என்பது ஒன்று. “நாலு செடி வைக்க ஆசை, முதலில் என்ன வாங்குவது?” என்பது இன்னொன்று. பலர் இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்டிருக்கிறார்கள். பதிலையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்: இரண்டுக்கும் ஒரே நாளில் உட்கார்ந்து திட்டம் போடுங்கள். இரண்டிலும் பணம் வீணாவது பெரும்பாலும் தண்ணீர்க் கணக்கைத் தவறவிடுவதால்தான்.

மயிலாப்பூரின் பழைய வீடுகளில் இந்தக் கணக்கு கட்டும்போதே போடப்பட்டது. சமையலறை பின்கட்டில் இருக்கும். அதை ஒட்டிக் கிணற்றடி, பாத்திரம் தேய்க்கும் இடம், அங்கிருந்து ஒரு சின்ன வாய்க்கால். அது போய் முடியும் இடத்தில் வாழையும் சேம்பும் நிற்கும். அடுக்குமாடி வந்ததும் அந்தத் தண்ணீர் நேராகச் சாக்கடைக்குப் போனது. செடிக்கு நல்ல தண்ணீரைத் தனியாகப் பிடித்து ஊற்ற ஆரம்பித்தோம். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, தெருவெங்கும் குடங்கள் லாரிக்குக் காத்திருந்ததைச் சென்னை மறந்திருக்காது. அப்படி ஒரு கோடையிலும் நாலு செடி பிழைக்க வேண்டுமானால், சமையலறையை உடைக்கும்போதே வழி செய்ய வேண்டும்.

சிங்க்கும் குழாயும்

கிரானைட் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் பிளம்பரைக் கூப்பிடுங்கள். இரட்டைத் தொட்டி சிங்க் போட்டால், ஒன்றை அரிசி, பருப்பு, கீரை, காய் கழுவ மட்டும் ஒதுக்குங்கள். தனி வீடு, தரைத்தளம் என்றால் அதன் கழிவுக் குழாயைத் தோட்டத்துக்கே திருப்பலாம். மாடி வீட்டில் அந்தத் தொட்டிக்குக் கீழே ஒரு வாளி நிற்க இடம் விட்டு, குழாயில் ஒரு வால்வு வைக்கச் சொல்லுங்கள். அரிசி களைந்த நீரும் காய் கழுவிய நீரும் அப்படியே செடிக்குப் போகலாம். சோப்பும் எண்ணெயும் கலந்த தண்ணீரைத் தொட்டிச் செடிக்கு விடவே கூடாது. தரையில் இடம் இருந்தால் கல்வாழைப் பாத்தி வழியாக விட்டு, அதைத் தாண்டி வருவதை வாழைக்குக் கொடுக்கலாம்.

ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டர் வெளியே போகிறது. ஆழ்துளைக் கிணற்று உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் சேரும். அதைத் தொடர்ந்து ஊற்றினால் தொட்டி மண் வெள்ளையாகப் பூத்து, இலை நுனி கருகும். அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பு இல்லை; அது செடிக்கு நல்லது.

மேடையும் அலமாரியும்

கடற்காற்றும் மழைக்காலப் புழுக்கமும் இருக்கும் இந்த ஊரில் சிங்க்குக்குக் கீழே உள்ள பெட்டிதான் முதலில் கெடும். மந்தைவெளியில் ஒரு வீட்டில் அந்தக் கதவைத் திறந்து பார்த்தேன். வெளியே பளபளவென்று சிவப்பு லாமினேட். உள்ளே அடிப்பலகை, தண்ணீரில் விழுந்த ரஸ்க்காக ஊதி, விரல் வைத்தால் உதிர்ந்தது. பின்பக்கச் சுவரில் கரையான் மண்கோடு. காரணம் சிங்க் குழாயின் டிராப் வளைவில் இருந்த ஒரு துளிக் கசிவு. போதாததற்கு அடிப்பலகை மரத்தூள் பலகை.

பழைய கடப்பாக் கல் தட்டுகள் உறுதியாக இருந்தால் அவற்றை உடைக்காதீர்கள் என்பதே என் தீர்மானமான யோசனை. கரையான் அதைத் தின்னாது, தண்ணீர் அதை ஊதவைக்காது. கதவு மட்டும் புதிதாகப் போட்டால் போதும், அழகும் வந்துவிடும். பிளைவுட்தான் வேண்டுமென்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதாகக் கேளுங்கள்; கொதிநீரையும் தாங்கும் மரைன் பிளை அது. கீல்கள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

மேடைக்கு நம் சமையலுக்குக் கறுப்பு கிரானைட்டே ஏற்றது. மார்பிளில் புளியும் எலுமிச்சையும் பட்டால் அரிக்கும், மஞ்சள் கறை இறங்கிவிடும். உயரத்தைக் கடைக்காரர் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். தினமும் சமைப்பவரை நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்கு நாலைந்து அங்குலம் கீழே கோடு போடுங்கள். தாளிப்புப் புகைக்குச் சிம்னி வைப்பதானால் குழாய் சுவரைத் தாண்டி வெளியே போக வேண்டும். கிரைண்டர், மைக்ரோவேவ், இண்டக்‌ஷன் அடுப்பு மூன்றும் எங்கே நிற்கும் என்று முடிவு செய்த பிறகே எலெக்ட்ரீஷியன் சுவரை வெட்டட்டும்.

மாடி எவ்வளவு தாங்கும்?

ஆட்கள் நடமாடும் கான்கிரீட் மாடியைப் பொதுவாக ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோ கூடுதல் சுமைக்குக் கணக்கிட்டுக் கட்டுகிறார்கள். ஓர் அடி ஆழத்துக்கு ஈரமண் கொட்டினால் அதே இடத்தில் 500 கிலோவைத் தாண்டும். அதனால் மாடியில் பாத்தி கட்டி மண் நிரப்பாதீர்கள். செடி வளர்க்கும் பைகள் போதும். அவற்றையும் உத்தரமும் சுவரும் ஓடும் ஓரங்களில் வையுங்கள். மரக்கட்டையின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் வீடாக இருந்தால் நடு மாடியில் எதுவுமே வேண்டாம். பைக்கு அடியில் செங்கல் கொடுத்துத் தூக்கி வைத்தால், தட்டோட்டில் ஈரம் தேங்காது. அடுக்குமாடியில் மொட்டைமாடி பொதுச்சொத்து. சங்கத்தில் எழுதிக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

தரையில் இடம் உள்ளவர்கள் மண்ணைப் பிடித்துப் பாருங்கள். ஆங்கிலேயர் லாங் டேங்க் என்று அழைத்த ஏரியை வற்றவைத்து 1920-களில் எழுந்த நகர் தி.நகர். அங்கே களிமண்ணில் தண்ணீர் நிற்கும். மணலும் மக்கிய உரமும் கலக்க வேண்டும். பெசன்ட் நகர் மணலில் ஊற்றியது உடனே இறங்கிவிடும். அங்கே உரமும் மூடாக்கும் அதிகம் தேவை.

முதல் ஆறு பைகள்

ஆரம்பத்திலேயே அகலக்கால் வைக்காதீர்கள். ஆறு பைகள் போதும். தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை 2013-14-ல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய மாடித்தோட்டத் திட்டத்தில் பை, தென்னைநார்க் கழிவு, விதை, உயிர் உரம் எல்லாம் சேர்ந்த தொகுப்பை மானிய விலையில் கொடுத்தது. இப்போது என்ன கிடைக்கிறது என்று துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

பைகளை நிரப்பச் செம்மண், தென்னைநார்க் கழிவு, மக்கிய உரம் மூன்றும் சம அளவு. நார்க் கழிவை இரண்டு முறை அலசிவிட்டுக் கலந்தால் உப்பு போகும். முதல் பையில் அரைக்கீரை அல்லது சிறுகீரை; மூன்று நான்கு வாரங்களில் கைக்கு வரும். அடுத்ததில் தண்ணீர்த்துறை மார்க்கெட்டில் வாங்கிய புதினாவின் தண்டையே நடலாம். மூன்றாவதில் வெண்டை, ஒன்றரை மாதத்தில் காய்க்கும். மற்றவற்றில் கத்தரி, மிளகாய், கறிவேப்பிலை. பிரண்டையும் கற்பூரவல்லியும் தனியாகப் பராமரிப்பு கேட்காமல் ஒரு மூலையில் வளரும்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது மாடிக்கும் பொருந்தும். ஆடியில் விதைத்தால் ஐப்பசி மழைக்குள் செடி வேர்பிடித்துவிடும். தக்காளியையும் கொத்தமல்லியையும் கத்திரி வெயிலில் முயன்று மனம் சோர்ந்துபோகாதீர்கள்; அந்தச் சூட்டில் தக்காளிப் பூ உதிரும், கொத்தமல்லி இலை விடுவதற்கு முன் பூத்துவிடும். தை மாதத்தில் அவை நன்றாக வரும். ஏப்ரல், மே மாதங்களில் பாதி வெயிலை மறைக்கும் பச்சை நிழல்வலை கட்டுங்கள். வெண்டையிலும் செம்பருத்தியிலும் மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள்.

மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து தமிழகம் முழுவதும் கட்டாயம். உங்கள் சேகரிப்புத் தொட்டி இன்னும் வேலை செய்கிறதா, மணல் அடைத்துக் கிடக்கிறதா என்று இந்த மராமத்தின்போதே பார்த்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால், மந்தைவெளிப்பாக்கத்தில் 2002 முதல் இயங்கிவரும் ‘மழை இல்லம்’ என்ற மழைநீர் சேகரிப்பு மையத்தில் வழிகாட்டுவார்கள். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. 100 சதுர மீட்டர் மாடியில் அது ஒரு லட்சம் லிட்டருக்கு மேல்.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன், மேஸ்திரிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: வீட்டுக்குள் தண்ணீர் எங்கே வருகிறது, எங்கே போகிறது, மாடியில் வெயில் எத்தனை மணி நேரம், தினமும் காலையில் செடியைப் பார்க்கப்போவது யார். அந்தத் தாள் தயாரான பிறகு செலவழியுங்கள்.

அடுத்த வாரம்: காய்கறிக் கழிவை நாற்றமில்லாமல் உரமாக்கும் முறை.

(தொடரும்)