கணினியில் ஒலி சரியில்லையா? கடைக்குப் போகுமுன் இவற்றைச் சோதியுங்கள்

பல்துறைத் தொழிற்கல்லூரியில் சேர்வதற்கான இணையவழி நேர்காணல். மொத்தம் பத்து நிமிடம்தான். ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகிய மாணவி, புதிதாக வாங்கிய புளூடூத் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மடிக்கணினி முன் அமர்கிறார். முதல் கேள்விக்குப் பதில் சொல்லும்போதே, “உங்கள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறதே” என்கிறார் மறுமுனையில் இருப்பவர். கழற்றி மாட்டி, அணைத்து மீண்டும் இயக்கி முடிப்பதற்குள் மூன்று நிமிடம் போய்விட்டது.

சென்ற ஆண்டு என் அண்டை வீட்டில் நடந்தது இது. மறுநாளே அவருடைய அப்பா வேறு ஹெட்செட் வாங்கக் கிளம்பிவிட்டார். உண்மையில் அந்த ஹெட்செட்டில் எந்தப் பழுதும் இல்லை. காரணத்தைப் பிறகு பார்ப்போம்.

பழுது எங்கே?

ஒலி சரியில்லை என்றால் ஒலிபெருக்கியைக் குறை சொல்வது நம் வழக்கம். ஆனால் ஒலி நம் காதுக்கு வருமுன் செயலி, கணினியின் அமைப்புகள், இயக்கி மென்பொருள், ஒலி அட்டை, வயர் எனப் பல இடங்களைக் கடந்து வருகிறது. எந்த இடத்தில் கெடுகிறது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை.

அதற்கு மூன்று சோதனைகள் போதும். வேறொரு பாடலையோ காணொளியையோ ஓடவிடுங்கள். அது நன்றாகக் கேட்டால் குறை முதல் பதிவில்தான். அடுத்து, அதே ஹெட்போனைக் கைப்பேசியில் செருகிக் கேளுங்கள். அங்கும் கரகரத்தால் ஹெட்போன்தான் காரணம். கடைசியாக, வேறு ஹெட்போனைக் கணினியில் செருகுங்கள். அதிலும் கரகரத்தால் கணினியைப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

இசை கேட்கிறது, பாடகரைக் காணோம்!

பாட்டில் இசைக்கருவிகள் ஒலிக்கின்றன, பாடகரின் குரல் மட்டும் எங்கோ தொலைவில் கேட்கிறதா? பிளக் முழுதாக உள்ளே போகவில்லை என்பதற்கு இது அடையாளம். இடது, வலது பக்கங்களுக்குப் பொதுவான இணைப்பு விடுபட்டால், இரண்டு பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே காதில் விழும். பாடகரின் குரல் பெரும்பாலும் இரு பக்கத்திலும் சமமாகப் பதிவாகியிருப்பதால் அது மறைந்துவிடுகிறது. பிளக்கை அழுத்திச் செருகுங்கள். துளையில் தூசு சேர்ந்திருந்தால் கணினியை அணைத்துவிட்டுச் சுத்தம் செய்யுங்கள்.

புளூடூத் செய்யும் வேலை

இனி அந்த மாணவியின் கதைக்கு வருவோம். பெரும்பாலான புளூடூத் ஹெட்செட்டுகள் இரண்டு முறைகளில் இயங்குகின்றன. பாட்டு மட்டும் கேட்கும்போது, இரு பக்கமும் தெளிவாக ஒலிக்கும் முறை. அதன் ஒலிவாங்கியைப் பயன்படுத்தத் தொடங்கியதும், தொலைபேசி அழைப்புக்கான முறைக்கு அது மாறிவிடும். அப்போது வினாடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகளே அனுப்பப்படுகின்றன. இசைவட்டில் இது 44,100. மாதிரி எண்ணிக்கையில் பாதி அதிர்வெண் வரைதான் ஒலியைக் கொண்டுசெல்ல முடியும். எனவே 8,000 மாதிரிகள் என்றால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி காணாமல் போகும். ‘ஸ’ போன்ற ஒலிகள் மழுங்குவது இதனால்தான்.

தீர்வு எளிது. சந்திப்புச் செயலியின் அமைப்புகளில், கேட்பதற்கு ஹெட்செட்டையும் பேசுவதற்கு மடிக்கணினியிலேயே உள்ள ஒலிவாங்கியையும் தேர்ந்தெடுங்கள். வயர் உள்ள சாதாரண ஹெட்செட் இருந்தால் இன்னும் நல்லது.

மின்னூட்டியைச் செருகினால் இரைச்சலா?

வெளி ஒலிபெருக்கியில் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் கேட்டால், மடிக்கணினியின் மின்னூட்டியைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால், மின்சாரத்தின் நிலத்தொடர்பு வழியாக அது நுழைகிறது என்று ஊகிக்கலாம். நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். அதுவும் அதன் மடங்குகளும்தான் அப்படி ரீங்காரமிடுகின்றன. மடிக்கணினியையும் ஒலிபெருக்கியையும் ஒரே மின்பலகையில் செருகினால் பெரும்பாலும் குறையும். ஆனால் மூன்று முனைப் பிளக்கின் நிலத்தொடர்பு முனையை எக்காரணம் கொண்டும் உடைக்கவோ துண்டிக்கவோ கூடாது. அது உங்கள் உயிரைக் காப்பதற்காக இருப்பது.

அமைப்புகளில் ஒரு பார்வை

வயரில் குறையில்லை என்றால் கணினியின் ஒலி அமைப்புகளைத் திறந்து, ஒலி சரியான கருவிக்குத்தான் போகிறதா என்று பாருங்கள். ‘ஒலி மேம்பாடு’ வசதிகள் இயங்கினால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். மேம்படுத்துவதாகச் சொல்லும் அவையே சில வேளைகளில் ஒலியைக் கெடுக்கின்றன. சத்தம் கூடும்போது மட்டும் கரகரத்தால் அளவைக் குறையுங்கள். விட்டு விட்டு வெடிப்பதுபோல் கேட்டால், திறந்து வைத்துள்ள மற்றச் செயலிகளை மூடுங்கள், மின்சேமிப்பு முறையை நிறுத்துங்கள். பிறகும் தொடர்ந்தால், கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் ஒலி இயக்கியைப் புதுப்பியுங்கள்.

இத்தனைக்கும் பிறகு சரியாகாவிட்டால் தாராளமாகக் கடைக்குப் போகலாம். அப்போது, “கைப்பேசியில் நன்றாகக் கேட்கிறது, கணினியில் மட்டும் கரகரக்கிறது” என்று உங்களால் தெளிவாகச் சொல்ல முடியும். தேவையில்லாத பொருளை உங்களிடம் விற்பதும் கடினம்.

நேர்காணலோ வாய்மொழிப் பயிற்சியோ இருந்தால், முதல் நாளே அதே கருவிகளை மாட்டி, அரை நிமிடம் பேசிப் பதிவு செய்து கேளுங்கள். மற்றவர்களுக்கு உங்கள் குரல் எப்படிக் கேட்கும் என்பது அப்போதுதான் தெரியும். அண்டை வீட்டு மாணவி இப்போது அப்படித்தான் செய்கிறார். அதே பழைய ஹெட்செட்டுடன்!